மூங்கிலாற்று ஸ்டோரில் வெள்ளித்தூள் வெடித்தது பற்றிப் பெரியாயி சொன்னது

பதுளை பொலிஸ் ஸ்டேஷன். 1920ஆம் வருஷம் நவம்பர் மாதம் 3ஆந் திகதி, புதன்கிழமை முற்பகல். சாட்சி தமிழில் சொல்ல, முதலியார் அதை இன்ஸ்பெக்டர் துரைக்கு மொழிபெயர்த்து, தமிழிலும் எழுதிக்கொண்டது.

என் பெயர் பெரியாயி. தகப்பன் கருப்பண்ணன், காலமாகிவிட்டார். எனக்கு வயது இருபத்துநாலு இருக்கும். ஹப்புத்தளைக்குக் கீழே கூனிமலைத் தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் குடியிருக்கிறேன். தொழில் கொழுந்து பறிப்பது. புருஷன் பெயர் அழகையா. அவர் எங்களுக்கு எதிர்மலையான மூங்கிலாற்றுத் தோட்டத்தில் வேலை செய்பவர். இப்போது தீக்காயத்தோடு பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இந்த வழக்கில் பிடித்து வைத்திருக்கும் பெரகலைக் கடைக்காரர் இத்ரூஸ் லெப்பையை எனக்குத் தெரியும். அவர் எனக்கு உறவும் இல்லை, அவரோடு எனக்குப் பகையும் இல்லை. என்னை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. நானே ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்து இதைச் சொல்கிறேன்.

எனக்கும் அழகையாவுக்கும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தை மாதத்தில் மூங்கிலாற்று மாரியம்மன் கோவிலில் கலியாணம் நடந்தது. அதன்பின் ஒரு மாதம் போல் அவருடைய லயத்தில் இருந்தேன். பிறகு என் கங்காணி வந்து, என் பேர் தன்னுடைய ஆட்களோடு இருப்பதாகவும், ஆளை விடுவித்து எழுதிக் கொடுக்கிற துண்டு இல்லாமல் நான் வேறு தோட்டத்தில் இருப்பது குற்றம் என்றும் சொல்லி, என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். அதன்பின் என் புருஷன் தன்னுடைய துண்டைத் தரும்படி தன் கங்காணியிடம் கேட்டார், எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடலாம் என்று. உயரத்தில் பயமில்லாமல் ஏறுகிற ஆள் அவர் ஒருவர்தான் என்று சொல்லி அவரையும் விடவில்லை. இரண்டு மலைக்கும் நடுவே பள்ளமும் ஆறும் இருக்கின்றன. கூப்பிட்டால் கேட்காது. ரோட்டு வழியாகப் போனால் பெரகலையைச் சுற்றிக்கொண்டு பொழுது முழுவதும் நடக்க வேண்டும். ஆற்றின் மேல் கிடந்த மரப்பாலம் போன வருஷம் வெள்ளத்தில் போய்விட்டது. அதனால் எங்களுக்கு எப்போதாவது ஒரு தடவைதான் சந்திக்கக் கிடைத்தது. இந்த வருஷம் சித்திரைத் திருவிழாவில் பார்த்த பிறகு புரட்டாசி வரை பார்க்கவில்லை.

ஆவணி மாதத்தில் மூங்கிலாற்று ஸ்டோருக்கு, அதாவது தேயிலை அரைக்கிற பாக்டரிக்கு, கூரையில் வெள்ளித்தூள் பூச ஆரம்பித்தார்கள். அந்தத் தகரம் வெகுகாலமாகத் துருப்பிடித்துச் செம்மண் நிறமாக இருந்தது. எங்கள் தோட்டத்தின் ஓரத்து மலையில் நின்றால் பள்ளத்துக்கு அப்பால் ஸ்டோர் முழுவதும் தெரியும். முதல் நாள் கூரையின் மூலையில் ஒரு தகரம் மட்டும் கண் கூசும்படி மின்னியது. பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமி, “ஏடி, அங்க பாரு, கூரையில எவனோ தண்ணிய ஊத்தி வச்சிருக்கான்” என்றாள். தண்ணீர் இல்லை, பூச்சு. அதன்மேல் சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் குந்தியிருந்தார். அது என் புருஷன் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று இன்ஸ்பெக்டர் துரை கேட்டதற்கு, அவர் உட்காரும்போது இடது முழங்காலைத்தான் முதலில் மடக்குவார், அதனால் தெரிந்தது என்று சொல்கிறேன்.

அதன்பின் நான் தினமும் காலையில் ஆட்களை எண்ணும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பள்ளத்துப் பக்கத்து நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நிரையில் காற்று அதிகம், யாரும் விரும்பி வாங்க மாட்டார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது கூரை மேல் இருந்தவர்கள் தகரத்தோடு ஒட்டிப் படுத்துக்கொள்வார்கள். அவர்கள் மறுபடி எழுந்திருக்கும் வரைக்கும் எனக்குக் கொழுந்தில் கை போகாது. கங்காணி அதைப் பார்த்துவிட்டு, “ஒனக்குக் கொழுந்து செடியில இல்லடி, எதுத்தாப்புல கூரையில இருக்கு” என்று ஏசினார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கூரையில் பரவிக்கொண்டு வந்தது. பொழுது சாயும்போது வெயில் அதில் பட்டுத் திரும்பி எங்கள் மலையில் விழும். அந்த வெளிச்சம் என் மேல் வந்து போகும் வரைக்கும் நின்றுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவேன்.

புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமை மூங்கிலாற்று வண்டிக்காரர் எங்கள் லயத்துப் பக்கம் வந்து, மறுநாள் பெரகலைக்குத் தூள் ஏற்ற வண்டி போவதாகவும், அழகையாவும் அதில் வருவதாகவும், என்னை வரச் சொன்னதாகவும் சொன்னார். மறுநாள் நான் கோவில் நேர்த்தி இருக்கிறது என்று சொல்லி லீவு வாங்கிக்கொண்டு பெரகலைக்கு நடந்தேன். சந்தியில் இத்ரூஸ் லெப்பையின் கடை இருக்கிறது. ரயிலில் ஹப்புத்தளைக்கு வந்த தூள் டிரம்களை அந்தக் கடைக் களஞ்சியத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். நான் போனபோது வண்டி வந்து நின்றிருந்தது. என் புருஷனும் மூங்கிலாற்று ஸ்டோர் கணக்கப்பிள்ளை சவரிமுத்துவும் கடைக்குள் இருந்தார்கள். கணக்கப்பிள்ளை இருந்ததால் நான் பேசாமல் வெங்காய மூட்டைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். கணக்கப்பிள்ளை என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

இத்ரூஸ் லெப்பை ஒரு டிரம்மின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மாவைவிட மெல்லிய தூள் இருந்தது. மூடி திறந்ததுமே கொஞ்சம் புகை போல எழும்பி அவர் தாடியில் படிந்து மின்னியது. அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்து, “கணக்கப்பிள்ளை, கொஞ்சம் நில்லுங்க. பாக்க மாவு மாதிரி ஈக்கும், மாவில்ல. அலுமினியத்த அரச்ச தூளு. முந்திக் கொண்டுபோனது சின்ன டின்னு. இது பெரிய டிரம்மு. வார்னிஷ்ல கலக்குற மட்டும் இத நெருப்புக்கிட்ட வைக்கப்படாது, ஈரமும் படப்படாது. ஈரம் பட்டாத் தானாச் சூடு ஏறும், உள்ளுக்குக் காத்துக் கட்டி மூடி உப்பும்” என்று சொன்னார். பிறகு சாம்பிராணிச் சட்டியில் இருந்த தணலின் மேல் ஒரு சிட்டிகை தூவினார். பொறிபொறியாக வெள்ளை வெளிச்சம் எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். “கொழும்புல போட்டோப் புடிக்கிறவங்க வெளிச்சத்துக்கு இதச் சேத்துத்தான் கொளுத்துறாங்க, வாணக்காரங்களும் இதத்தான் வாங்குறாங்க. தப்பித் தவறி நெருப்புப் புடிச்சாத் தண்ணி ஊத்தப்படாது. கேட்டீங்களா? தண்ணி பட்டா வெடிக்கும். காஞ்ச மண்ணப் போட்டு மூடிட்டு எட்டி நிக்கணும். தொரைக்கிட்டயும் இதச் சொல்லிப்போடுங்க” என்றார்.

அதற்குக் கணக்கப்பிள்ளை சவரிமுத்து, “சரி லெப்பை நானா, தொரைக்குத் தெரியாததா? வண்டிய ஏத்தச் சொல்லுங்க, மழைக்கு முந்திப் போகணும்” என்று சொன்னார். இத்ரூஸ் லெப்பை வெடிமருந்து எதையும் அந்த டிரம்மில் சேர்க்கவில்லை. மற்ற டிரம்கள் ஈயம் வைத்து மூடியபடியே வண்டியில் ஏறின. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இவ்வளவு வார்த்தையும் எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்டதற்குச் சொல்கிறேன். அவர் பேசி முடித்தால்தான் என் புருஷன் என் பக்கம் வர முடியும். அதனால் ஒவ்வொரு பேச்சும் எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அன்றைக்கு நடந்தது எதையும் நான் மறக்கவில்லை.

அதன்பின் இத்ரூஸ் லெப்பை எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கணக்கப்பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து முன்பக்கம் உட்கார வைத்துவிட்டு, பின்னால் இருந்த கருவாட்டு அறையைத் திறந்துவிடும்படி தன் மனைவி ஸைனப்பிடம் சொன்னார். அந்த அம்மா இரண்டு ரொட்டியும் சம்பலும் ஒரே தட்டில் வைத்து உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கலியாணத்துக்குப் பின் இருந்த அந்த ஒரு மாதத்தை விட்டால், நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

என் புருஷனின் நகக்கண், காதுமடல், புருவம் எல்லாம் தூள் படிந்து வெள்ளியாக இருந்தது. தேங்காய்நார் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை என்றார். புருவத்தை என் முந்தானையால் துடைத்தேன். அவருக்கு இருமல் இருந்தது. கலக்கும்போது வாயில் துணி கட்டுகிறீர்களா என்று கேட்டேன், சில சமயம் கட்டுவதாகச் சொன்னார். வார்னிஷில் போட்டுக் கிண்டினால் தூள் தானாகவே மேலே வந்து ஆடை போலப் படியும், பூசிக் காய்ந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் மாடியில் கொழுந்து வாட்டும் இடத்தில் சூடு குறைந்துவிட்டது என்று துரை சந்தோஷப்படுகிறார் என்றெல்லாம் சொன்னார். நான் அதைக் கேட்கவில்லை, அவர் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு, “கூரை மேல இருந்து பாத்தா என்னைத் தெரியுதாங்க?” என்று கேட்டேன்.

“எது நீன்னு தெரியல. அதனால எல்லாரையும் பாத்தேன்” என்றார்.

அதன்பின், கூரை முடிந்ததும் தோட்டத்தை நடத்துகிற பெரியதுரை ஆட்களைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்பார், வழக்கமாகக் கம்பளி கேட்பார்கள், தான் கம்பளி கேட்கப் போவதில்லை என்றார். “வேற என்ன கேப்பீங்க?” என்றேன். “ஒன்னத்தான்” என்றார். அப்போது கணக்கப்பிள்ளை முன்னால் இருந்து கூப்பிட்டார். வண்டி போய்விட்டது. நான் கடை வாசலில் நின்று வண்டி வளைவு திரும்பும் வரை பார்த்துவிட்டு, ஸைனப் அம்மாவிடம் தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அதன்பின் கூரையில் மிச்சம் இருந்த துருப் பக்கத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது குறையக் குறைய, பெரியதுரை கேட்கும் நாள் கிட்ட வருகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

தீப்பிடித்தது ஒக்டோபர் மாதம் 20ஆந் திகதி, புதன்கிழமை. காலையில் மழை பெய்து, விட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி தூறியது. கூரையில் ஆட்கள் கொஞ்சப் பேர் இருந்தார்கள், என் புருஷனும் இருந்தார். ஸ்டோருக்குப் பக்கத்தில் சாமான் கொட்டகை ஒன்று உண்டு. அதிலிருந்து மெல்லிய புகை வருவதை முதலில் கண்டேன். பிறகு ஆட்கள் ஓடுவதைக் கண்டேன். கூரை மேல் இருந்த சிவப்புத் தலைப்பாகை ஏணிப் பக்கம் போய் மறைந்தது. அதன்பின் கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது. பட்டப்பகலில், மழை இருட்டில், எங்கள் மலையில் இருந்த ஒவ்வொரு தேயிலைச் செடிக்கும் நிழல் விழுந்தது. என் கைக்கும் நிழல் விழுந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

நான் கூடையை இறக்கிப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கினேன். கங்காணி, “கூடையப் போட்டுட்டு எங்கடி ஓடுற? தோட்டத்த விட்டுப் போனா வாரண்டுதான்” என்று கத்தியது கேட்டது. நிற்கவில்லை. ஆற்றில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடியது. பாறையைப் பிடித்துப் பிடித்துக் கடந்தேன். அந்த வழியாகக் கடக்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எப்போதோ கடந்திருப்பேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை இல்லை. சுற்றியிருந்த தேயிலைச் செடிகள் மேல் பஞ்சு போல வெள்ளைச் சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. என் புருஷனைக் கோணிச்சாக்கின் மேல் கிடத்தி, முகத்தில் வாழையிலை போட்டிருந்தார்கள். கால் விரலைப் பார்த்து அவர்தான் என்று கண்டேன். மார்பு ஏறி இறங்கியது. பக்கத்தில் வீரபத்திரன் என்ற ஆளைப் போர்த்தி வைத்திருந்தார்கள். அவர் இறந்துபோயிருந்தார். பெரியதுரைக்கு அடுத்தவரான சின்னத்துரைக்கும் இரண்டு கையும் வெந்திருந்தது. அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, கையை நீட்டியபடி, என்ன நடந்தது என்று எல்லாரையும் இங்கிலீஷில் கேட்டுக்கொண்டிருந்தார்.

தீப்பிடித்த விதம் நான் கண்ணால் பார்த்ததல்ல. அங்கே தேயிலை சலிக்கிற பெண்கள் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். டிரம்களைத் தனியாக வைக்காமல் கணக்கப்பிள்ளை அந்தக் கொட்டகையிலேயே வைக்கச் சொன்னாராம். கூரைத் தண்ணீர் வடிகிற பீலித் தகரத்துக்கு ஈயம் ஊதுகிறவர்களும் கரி அடுப்போடு அங்கேதான் இருந்தார்களாம். காலை மழையில் கொட்டகைக் கூரை ஒழுகி, மூடாமல் விட்டிருந்த ஒரு டிரம்மில் தண்ணீர் இறங்கி, அது சூடேறி இரைந்துகொண்டிருந்ததாம். அதை நகர்த்தப் போனபோது தூள் சிந்தி அடுப்பில் பட்டுக் கனலத் தொடங்கியதாம். சத்தமோ பெரிய சுவாலையோ இல்லாமல் வெள்ளையாகக் கனன்றதாம். சின்னத்துரை ஓடிவந்து, தோட்டத்தில் எந்தத் தீக்கும் செய்வது போல, வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாராம். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லையாம். என் புருஷன் ஏணியில் இறங்கி, “மண்ணு போடுங்க, மண்ணு” என்று கத்திக்கொண்டே ஓடினாராம். அதற்குள் வலுத்துவிட்ட மழை தகரத்தில் விழுகிற இரைச்சலில் பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும்தான் கேட்டதாம். வீரபத்திரன் முதல் வாளியை ஓங்கியபோது என் புருஷன் அவரைப் பின்னால் இழுக்கப் போனாராம். அதற்குள் தண்ணீர் விழுந்துவிட்டது.

அதன்பின் அவரை வண்டியில் பதுளைக்குக் கொண்டு வந்தார்கள். வழி முழுவதும் நான் கூட வந்தேன். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். தொண்டை வெந்து வீங்கியிருந்ததால் அவரால் பேச முடியவில்லை. இடது கண் போய்விட்டது, வலது கண் பற்றி இப்போது சொல்ல முடியாது என்று டொக்டர் ஐயா சொன்னார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்துகொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இத்தனை நாள் சேர்ந்தாற்போல் அவர் பக்கத்தில் நான் இருந்ததில்லை. அவர் வலியில் முனகும்போதும் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. அதற்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

போன சனிக்கிழமை பகல் கணக்கப்பிள்ளை சவரிமுத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இத்ரூஸ் லெப்பை தூளில் வெடிமருந்து கலந்து விற்றதாகவும், அதனால்தான் ஒரு உயிர் போனதாகவும் பொலிஸில் எழுதியாயிற்று என்றார். பிறகு, “நீ அன்னிக்குப் பெரகலைக்கு வரவே இல்ல. அவ்வளவுதான். பொய் சொல்லச் சொல்லல, கேட்டா வரலன்னு சொல்லு. ரெண்டு தொரைக்கிட்டயும் நான் பேசிக்கிறேன். ஒன் துண்டும் அழகையா துண்டும் ஒரே நாள்ல கைக்கு வரும். ஸ்டோர்ல ஒனக்கு வேல, ரெண்டு பேருக்கும் ஒரே காம்பரா. இல்லாட்டி நீ தோட்டத்த விட்டு ஓடி வந்தவ. வாரண்டு வரும். அவனைப் பாக்க ஆளிருக்காது” என்றார்.

நான் முடியாது என்று சொல்லவில்லை. அது உண்மை, அதையும் எழுத வேண்டும். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே காம்பரா என்ற வார்த்தை காதிலேயே இருந்தது. எங்கே அடுப்பு வைப்பது, அவர் தடவிப் பார்த்து நடக்கத் தண்ணீர்ப் பானையை எந்தச் சுவர் ஓரம் வைப்பது என்று வரைக்கும் யோசித்துவிட்டேன்.

திங்கட்கிழமை இத்ரூஸ் லெப்பையின் மனைவி ஸைனப் அம்மா தன் தம்பியோடு வண்டியில் வந்தார். கணவரைப் பார்க்க விட்டார்களா என்று கேட்டேன். விட்டதாகவும், அவர் மெலிந்துவிட்டதாகவும் சொன்னார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான் மூட்டைப் பக்கம் நின்று கேட்டது அந்த அம்மாவுக்குத் தெரியாது. கண்ணில் வைக்க மெல்லிய பழைய மல் துணியைத் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். “ஒங்க மனிசருக்கு இது உறுத்தாது, தங்கச்சி” என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பின் நான் என் புருஷன் காதோரம் குனிந்து, கணக்கப்பிள்ளை வந்ததையும் சொன்னதையும் விடாமல் சொன்னேன். அப்போது அவர், தீப்பிடித்த நாளுக்குப் பின் முதல் தடவையாகப் பேசினார். குரல் அவருடையது போல இல்லை, காற்று மட்டும் வந்தது.

“அந்தக் கருவாட்டு ரூம்புல நம்ம ரெண்டு பேரும் இருந்தோம்ல?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

“இல்லன்னு சொல்லாத” என்றார்.

தண்ணீர் கேட்டார், பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். நேற்று முழுவதும் அவருக்குக் காய்ச்சலாக இருந்ததால் அவரை விட்டு வர முடியவில்லை. இன்று காலையில் காய்ச்சல் விட்டது. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இங்கே வந்தேன்.

இதைச் சொன்னதால் துண்டு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். கூனிமலையிலிருந்து வாரண்டு வந்தால் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன். ஆஸ்பத்திரியில் என் புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன், அங்கே வந்து கேட்டால் போதும். இத்ரூஸ் லெப்பை சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் தூளைக் கொடுத்தார். கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் கணக்கப்பிள்ளை. ஒருவரால் இப்போது கோர்ட்டுக்கு வந்து பேச முடியாது. மற்றது நான்.

முதலியார் இதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார். புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை நான் பெரகலைக்குச் சாமான் வாங்கப் போனதாக ஒரு இடத்தில் எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. என் புருஷனைப் பார்க்கப் போனேன். அதை மாற்றும்படி கேட்டேன். வழக்குக்கு அது முக்கியமில்லை என்று முதலியார் சொன்னார். எனக்கு முக்கியம் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் துரை மாற்றச் சொன்னதன்பேரில் அந்த வரியை அடித்துவிட்டு, புருஷனைப் பார்க்கப் போனேன் என்று எழுதி, பக்கத்தில் என் கைநாட்டை வாங்கினார்கள்.

வாசிக்கக் கேட்டு விளங்கிக்கொண்டேன். கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. யாருடைய பயமுறுத்தலுக்கோ ஆசை வார்த்தைக்கோ இணங்கிச் சொன்னதல்ல.

பெரியாயி, இடது கைப் பெருவிரல் அடையாளம்.

என் முன்னிலையில் வைக்கப்பட்டது. மொழிபெயர்ப்பு முதலியார் ஒப்பம். இன்ஸ்பெக்டர் ஒப்பம்.

பிற்குறிப்பு, நவம்பர் 6ஆந் திகதி: சாட்சி பெரியாயியின் வாக்குமூலத்தையும், தம்மிடம் எவரும் எச்சரிக்கை சொல்லவில்லை என்ற சின்னத்துரையின் வாக்குமூலத்தையும் வைத்து விசாரித்ததில், ஸ்டோர் கணக்கப்பிள்ளை சவரிமுத்து, கடைக்காரர் சொன்னதைத் தாம் துரையிடம் தெரிவிக்க மறந்ததாக ஒப்புக்கொண்டார். இத்ரூஸ் லெப்பை இன்று விடுவிக்கப்பட்டார். தன்னுடைய துண்டும் தன் புருஷனுடைய துண்டும் பற்றிச் சாட்சி கேட்டதற்கு, அது தோட்டங்களுக்குரிய விஷயம், இந்த ஸ்டேஷனுக்கு அதில் அதிகாரம் இல்லை என்று சொல்லப்பட்டது. சாட்சி, சரி என்று சொல்லிவிட்டு, கஞ்சி கொடுக்கிற நேரமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.